கிலோவுக்கு மேலே தண்ணீர்

அத்தியாயம் 14

வேலை கிடைத்துவிட்டது என்று போன வாரம் எழுதி நிறுத்தியிருந்தேன். அதை எழுதிய ரங்கன் சந்தோஷமாக இருந்தான். இந்த வாரம் எழுதுகிறவனுக்குத் தன் கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சில வரிகள். பழவேற்காட்டில், ஏரியை ஒட்டிய எங்கள் தெருவில் யாரிடமும் வலை கிடையாது, படகு கிடையாது. பெண்கள் தண்ணீரில் மண்டி போட்டு ஊர்ந்து, சேற்றைத் துழாவிக் கையாலேயே இறால் பிடிப்பார்கள். இரண்டு கைக்கும் வேலை இருப்பதால், ஓலையில் பின்னிய பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். அம்மா அப்படிக் கடித்துத்தான் என்னைப் பொன்னேரி காலேஜுக்கு அனுப்பினாள். அவள் போன பிறகு அந்தக் கயிறு அக்கா தேவகியின் பல்லுக்கு வந்தது.

நான் வாரத்தில் மூன்று நாள் பஸ்ஸும் ரயிலும் மாறி மெட்ராஸ் போய், மாலை வகுப்பில் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதக் கற்றேன். அந்த மொழிக்குக் கோபோல் என்று பெயர். நைனா இன்றுவரை அதைக் 'கோபால் படிப்பு' என்றுதான் சொல்கிறார்.

படிப்பு முடிவில் ஆளுக்கு ஒரு புரோகிராம் எழுத வேண்டும். எனக்குத் தெரிந்தது இறால்தான். நீலாம்பரி எக்ஸ்போர்ட்ஸ் என்கிற கம்பெனி ஏரிக்கரையில் ஒரு ஷெட் போட்டு, கையால் பிடிக்கிறவர்களிடமும் நேராகச் சரக்கு எடுக்கிறது. அங்கே தினமும் நோட்டில் எழுதுகிற எடையை வாங்கி, வாரக் கடைசியில் ஆளுக்கு ஒரு சீட்டு அச்சடித்துத் தருகிற மாதிரி நான் ஒன்று எழுதினேன். கம்பெனியும் இப்படி ஒரு புரோகிராமுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தது; மேனேஜர் தயாளன் அதைப் பார்த்தார். இதே மாதிரி எழுதிக் கொண்டுவந்த பத்துப் பேரைக் கூப்பிட்டுப் பேசினார். ஒருவனை எடுத்தார்.

அந்த ஒருவன் நான். ஏன் நான் என்பது சனிக்கிழமைதான் தெரிந்தது.

* * *

சனிக்கிழமை காலை, நைனா வேலைக் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து மறுபடி வெளியே எடுத்தார்.

"ரங்கா, இன்னொரு வாட்டி படி."

"நாலு வாட்டி படிச்சிட்டேன் நைனா."

"எனுக்காவா கேக்கறேன்? அந்தக் கோடி வூட்டுக்காரன் காதுல உழுவணும். சத்தமா படி."

கடிதம் இங்கிலீஷில் இருந்தது. ஒவ்வொரு ஷரத்தாகத் தமிழில் சொன்னேன். ஒன்று, வேலை புரோகிராமர். இரண்டு, ஆறு மாதம் பழகுநர். மூன்று, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். இப்படியே போய் ஏழாவதுக்கு வந்தேன்.

"வேலையில இருக்கறவன் தன் பேர்ல கம்பெனிக்கு எறா போடக்கூடாதாம். அப்படிப் போட்டா வேல ரத்து."

நைனா விழுந்து விழுந்து சிரித்தார். "நீ எந்தக் காலத்துலடா தண்ணில எறங்குன? முட்டி நனஞ்சா மூணு நாளு சளி புடிக்கும் உனுக்கு. அவன் பாட்டுக்கு எழுதிகினு போறான். உடு."

கடிதத்தின் முதல் பத்தியில் இன்னொரு வரி இருந்தது. இந்தத் தொழிலின் நடைமுறை தெரிந்தவர் என்பதால் என்னைத் தேர்ந்தெடுத்ததாக எழுதியிருந்தார்கள். அதை டைரியில் அப்படியே எழுதி, அடியில் கோடு போட்டிருந்தேன். இப்போது அந்தக் கோட்டைப் பார்த்தால் குமட்டுகிறது.

தேவகி அப்போதுதான் ஷெட்டிலிருந்து வந்தாள். புடவை முழங்காலுக்குக் கீழே நனைந்து, சேறு காய்ந்து வெள்ளையாக இருந்தது. ஈரம் படாமல் இருக்கத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி ஒரு காகிதம்.

"இன்னிக்கு போன வாரத்துக்கு மிஷின் சீட்டு குடுத்தாங்கடா! 'எல்லாம் ஒந் தம்பி பண்ணது'னு மீரான் பாய் மொத்தக் கூட்டத்துக்கும் சொல்ட்டாரு. அந்த சுண்ணாம்புக்குளத்து ருக்கு மூஞ்சியப் பாக்கணுமே! இந்தா, படி."

மீரான் பாய் ஷெட்டில் எடை போட்டு எழுதுகிறவர். ருக்கு, அக்காவோடு வருஷக்கணக்காக ஏரியில் இடம் பிடிப்பதில் சண்டை போடுகிறவள்.

நான் சீட்டை வாங்கினேன். நான் பிரித்த கட்டங்கள், நான் வைத்த தலைப்புகள். முதல் தடவையாக என் எழுத்து அச்சில். சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தேன்.

"நம்பர் நாப்பத்தொன்னு. தேவகி. திங்கள் காலை ஒன்னு. மாலை ரெண்டு. செவ்வாய் காலை ஒன்னு..."

"ஒன்னுனா?"

"ஒரு கிலோ."

"திங்கக்கிழம காலைல ஒன்னே முக்கா. சாய்ங்காலம் ரெண்டு அறநூறு. பாய் கூவறத எங் காதால கேட்டேன்டா. செவ்வாக்கிழம ஒன்னு எண்ணூறு." அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அவளுடைய எடை ஒன்றுகூட மறக்காது. "சரியா பாரு. பின்னாடி எங்கனா எழுதியிருக்கும்."

பின்னால் ஒன்றும் இல்லை. பன்னிரண்டு எடைகள், பன்னிரண்டும் முழு எண்கள்.

நான் உள்ளே போய்ப் பெட்டியிலிருந்து, புரோகிராமை எழுதிய என் கோடிங் தாள்களை எடுத்தேன். எடைக்கு இரண்டு இலக்கம் ஒதுக்கியிருந்தேன். புள்ளியும் இல்லை, புள்ளிக்குப் பிறகு இடமும் இல்லை. இடம் இல்லாததை இயந்திரம் வெட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். முணுமுணுக்கக்கூடச் செய்யாது.

மறதி என்று சொல்லிக்கொள்ளப் பார்த்தேன். ஆனால் தாளின் ஓரத்தில் என் கையெழுத்திலேயே ஒரு குறிப்பு இருந்தது: 'கிலோவுக்கு மேல் கணக்கில்லை.' மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் நடுவே ரயிலில் உட்கார்ந்து எழுதியது. யோசித்து எழுதியதுகூட இல்லை. தெரிந்ததை எழுதினேன்.

"அக்கா, தப்பு என்னுது."

"இன்னா தப்பு?"

சொன்னேன். கம்பெனி கேட்கவில்லை, வகுப்பில் சொல்லித் தரவில்லை, நானாகத்தான் எழுதினேன், ஒரே வரியில் திருத்திவிடலாம் என்பதையும் சொன்னேன்.

"ஏன்டா?"

"சின்ன வயசுல அம்மாகூட கரைக்குப் போவேன் இல்ல. எட போடற ஆளு தட்ட ஒரு ஆட்டு ஆட்டி, 'மேல இருக்கறது தண்ணி'னு சொல்லி முழு கிலோவ மட்டும் எடுத்துக்குவாரு. அம்மாவும் சரின்னுவாங்க. அதான் மொறன்னு..."

கயிறு அறுத்து அறுத்துத் தேவகியின் முன்பல் இரண்டும் ஓரத்தில் தேய்ந்திருக்கும். கோபம் வந்தால் நாக்கால் அதைத் தடவுவாள். இப்போதும் தடவினாள்.

"அவன் திருடன்டா," என்றாள். "அம்மா வாய் செத்தவ. அவன் திருடறத நின்னு பாத்துட்டு, அதையே பாடமா படிச்சிகினியா நீ?"

நைனா நடுவில் வந்தார். "உடும்மா, கொயந்த ஏதோ..."

"இவனா கொயந்த? கொயந்த கூட தூக்கி வச்ச எடத்துல மட்டுந்தான் பேலும்." என் பக்கம் திரும்பினாள். "ஒரு வரிதான்னு சொன்ன இல்ல? போ. போயி மாத்திட்டு வா."

* * *

எதையும் எண் போட்டு எழுதிக்கொள்ளாமல் என்னால் பேச முடியாது. ரயிலில் டைரியைத் திறந்து ஐந்து குறிப்பு எழுதினேன். தவறு என்னுடையது. திருத்தம் ஒரே வரி. இந்தச் சீட்டுகளைத் திரும்ப அச்சடிக்க வேண்டும். கையால் பிடிக்கிறவர்களுக்கு விட்டுப்போன எடையைச் சேர்க்க வேண்டும். முடியாதென்றால் எனக்கு வேலை வேண்டாம். ஐந்தாவதை எழுதிவிட்டு அடித்தேன். திரும்பவும் எழுதினேன். புதிய வரியை ஒரு கோடிங் தாளில் சுத்தமாக எழுதி மடித்து வைத்துக்கொண்டேன்.

மெட்ராஸில் தயாளன் சார் அறையில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. மேஜைமேல் எங்கள் ஊர்ச் சீட்டுகளின் நகல், ஒரு கட்டு. அவர் ஒவ்வொரு தாளுக்கும் கட்டைவிரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் புரட்டினார். எச்சில் பட்ட தாள்களில் எனக்குத் தெரிந்த பெயர்கள்.

"வாப்பா ரங்கன்! திங்கட்கிழமை வரவேண்டியவன் சனிக்கிழமையே வந்துட்ட. அவ்வளவு ஆசையா?"

"சார், எடைக் கட்டத்துல ஒரு தப்பு பண்ணிட்டேன். புள்ளிக்கு அப்புறம் மூணு இடம் விடணும். ஒரே வரி சார்." தாளை நீட்டினேன்.

அவர் வாங்கிப் பார்த்தார். புன்னகை செய்தார்.

"பத்துப் பேர் வந்தாங்க. மீதி ஒன்பது பேரும் கிராம் வரைக்கும் சுத்தமா போட்டுக் கொண்டுவந்தாங்க. நாங்களும் அதைத்தான் கேட்டோம். உன்னோடதைப் பார்த்ததும்தான், அட, இப்படியும் செய்யலாமேன்னு எனக்கே தோணுச்சு. மத்தவனுக்கெல்லாம் கம்ப்யூட்டர் தெரியும். உனக்குத் தொழில் தெரியும்."

என் காது சூடேறியது.

"சார், படகுக்காரங்களுக்கு இது தெரியாது. அறுபது கிலோ போடறவருக்கு அரைக் கிலோ போனா ஒண்ணுமில்ல. கையில பிடிக்கறவங்க தடவைக்கு ஒண்ணு, ரெண்டுதான் கொண்டாருவாங்க. அவங்களுக்குத்தான்..."

"அதைத்தானே நானும் சொல்றேன். படகுக்காரன் கோவிச்சுக்கிட்டா வேற கம்பெனிக்குப் போவான். இவங்க எங்கே போவாங்க?" மழை வருமா வராதா என்று சொல்கிற குரல். அதில் துளி வன்மம் இல்லை. அதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது. "அதுவும் இப்போ மிஷின் அடிச்சுத் தருது. மீரானோட சண்டை போடலாம். மிஷினோட யார் சண்டை போடுவா?"

பையன் டீ கொண்டுவந்து வைத்தான். தயாளன் சார் என் கோடிங் தாளை இழுத்து, அதன்மேல் டீ கிளாஸை வைத்தார். ஈரம் மெல்ல வட்டமாக ஊறியது. நான் எழுதிய வரி அந்த வட்டத்துக்குள் இருந்தது.

"திங்கட்கிழமை பத்து மணி. மறந்துடாதே."

"சரி சார்," என்றேன்.

கதவு வரை போய்த் திரும்பி, "தேங்க்ஸ் சார்" என்றும் சொன்னேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. வாயில் தானாக வந்தது.

ஐந்து குறிப்பில் இரண்டுதான் பேசியிருக்கிறேன். பொன்னேரி வரும்வரை அதையே எண்ணிக்கொண்டு வந்தேன். இரண்டா, ஒன்றரையா என்றுகூட யோசித்தேன். ஜன்னல் ஓரம் இருந்தவர் இரண்டு தடவை இடம் விட்டார், நான் துப்புவதற்கு.

* * *

பழவேற்காட்டில் இறங்கும்போது வெயில் தாழ்ந்திருந்தது. நேராக ஷெட்டுக்குப் போனேன். மாலை எடை நடந்துகொண்டிருந்தது. பதினேழு பதினெட்டுப் பெண்கள், ஈரப் புடவையோடு வரிசையில். முழங்கால்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. இறால் கொம்பு குத்திய விரல்களை உதறிக்கொண்டு நின்றார்கள். ஐஸ் பெட்டியின் கறுத்த தண்ணீர் காலடியில் ஓடியது.

நைனாவும் அங்கே இருந்தார். சட்டைப் பையில் கடிதம், வெளியே தெரிகிற மாதிரி. மீரான் பாய்க்குக் காட்டத்தான் வந்திருப்பார்.

தேவகி வரிசையிலிருந்தபடி என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று.

அவள் முறை வந்ததும் பறியைத் தட்டில் கவிழ்த்தாள்.

"நாப்பத்தொன்னு! ஒரு கிலோ எண்ணூறு!" என்று மீரான் பாய் கூவினார்.

"நோட்டுல இன்னா எழுதுவ பாய்?"

"ஒன்னு எண்ணூறுதான். நான் கிராம் உடமாட்டேன்மா, அல்லா மேல ஆணை."

"சீட்டுல இன்னா வரும்?"

மீரான் பாய் பென்சிலைக் காதில் சொருகினார். எடுத்தார். "ஒன்னு," என்றார், மெதுவாக.

தேவகி தட்டில் கையை விட்டு இறாலை அள்ளினாள். தராசு முள் ஒரு கிலோவில் வந்து நிற்கிறவரை அள்ளி, திரும்பப் பறியில் போட்டாள்.

"ஒன்னுதான கணக்கு? ஒன்னு எடுத்துக்க. மீதி என்னுது."

"அத்த எட்துகினு போயி இன்னா பண்ணுவ?" பின்னால் நின்ற ருக்கு கேட்டாள். "தாலாட்டுப் பாடி ஏரில உடுவியா?"

"உன் சீட்ட எட்து படிக்கச் சொல்லிப் பாரு ருக்கு. உனுக்கும் கிராமு இல்ல. இங்க யாருக்கும் இல்ல. கிலோவுக்கு மேல எல்லாம் தண்ணியாம்."

வரிசை கலைந்தது. ஆளாளுக்கு நனையாமல் கொண்டையில் செருகியிருந்த சீட்டை எடுத்து மீரான் பாயின் முகத்துக்கு நேராக நீட்டினார்கள். அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு வசவு விழுந்தது. பாதி அவருக்கு, பாதி மிஷினுக்கு.

"திட்டுனா முள்ளு நவுறுமா?" என்றாள் தேவகி. "ஆளுக்கு முழு கிலோவ போடுங்க. மீதிய ஒரே தட்டுல கொட்டுங்க. பதினெட்டு பேர் மீதி, அதுவே பத்து கிலோ வரும். அத்த வெட்ட முடியுமா அந்த மிஷினால?"

நான் அசந்துபோனேன். எட்டு மாதம் படித்த எனக்கு இது தோன்றவே இல்லை.

ஒரு பிளாஸ்டிக் டப்பில் மீதிகள் விழத் தொடங்கின. கைப்பிடி, அரைப்பறி, நாலே நாலு இறால்கூட. பாதியில் ருக்கு கையை நிறுத்தினாள்.

"எல்லாம் சரி. யார் நம்பர்ல எழுதறது?"

"என் நம்பர்ல எழுதட்டும்."

"உன் நம்பர்லயா? நாளிக்கு 'எங்கூட நீ போடவே இல்ல'ம்ப. போன தையில என் எடத்துல எறங்கிட்டு நான் இல்லன்னவதான நீ?"

"அப்ப உன் நம்பர்ல எழுதிக்க. உன்ன யாரு நம்பறது?"

"யம்மா, சீக்கிரம் சொல்லுங்க," என்றார் மீரான் பாய். "ஐஸு கரையுது, எறா செவக்குது."

தேவகி சுற்றிப் பார்த்தாள். அவள் கண் என் மேல் வந்து நின்றது.

"ஏரில எறங்காதவன் பேர்ல எழுது பாய். இத்த கெடுத்தவன் பேர்லயே எழுது."

"யாரு?"

"எந் தம்பி. மிஷினுக்கு வெட்டக் கத்துக்குடுத்தது அவந்தான். காலைல அவனே ஒத்துகினான்."

பதினெட்டுப் பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பால் கொடுத்தவர்கள் இரண்டு பேர் அதில் உண்டு.

ருக்கு பக்கவாட்டில் துப்பினாள். "த்தூ. படிச்ச கையப் பாரு, எவ்ளோ சுத்தமா கீது."

சரியாகத்தான் சொன்னாள். ஷெட்டில் இருந்த கைகளில் என் கை ஒன்றுதான் காய்ந்திருந்தது.

மீரான் பாய் நோட்டில் புதுப் பக்கம் திருப்பினார். "நூத்திப் பன்னெண்டு. ரங்கன், தகப்பன் பேர் சுப்பன். புது நம்பர்னா கையெழுத்து வோணும். இங்க போடு தம்பி."

"ரங்கா!" நைனா கூட்டத்துக்குப் பின்னாலிருந்து கத்தினார். "ஏழாவது! ஏழாவதுடா!"

பெண்களுக்குப் புரியவில்லை. "இன்னாய்யா ஏழாவது? வெத்தலபாக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். நைனா சட்டைப் பையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு நின்றார்.

பென்சிலில் இறால் வழவழப்பு. இரண்டு தடவை நழுவியது. மூன்றாவது தடவை கையெழுத்துப் போட்டேன். துணிந்து போட்டேனா, அத்தனை பேர் பார்க்கிறார்களே என்று பயந்து போட்டேனா என்று இதை எழுதும்போதும் எனக்குத் தெரியவில்லை. போட்டேன் என்பது மட்டும் நிச்சயம்.

டப்பைத் தட்டில் கவிழ்த்தார்கள்.

"நூத்திப் பன்னெண்டு! ஒம்பது கிலோ நானூறு!"

தேவகி குனிந்து நானூறு கிராமை அள்ளிக்கொண்டாள். "இது கொழம்புக்கு," என்றாள். ருக்கு முதல் தடவையாகச் சிரித்தாள்.

* * *

கடையைக் கட்டும்போது மீரான் பாய் நோட்டைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி என்னிடம் நீட்டினார். "திங்கக்கிழம மொத பஸ்ல இது மெட்ராஸ் போயாவணும். நீயும் அதுலதான போற? கண்டக்டர் கைல குடுக்கறதுக்கு பதிலா நீயே கொண்டுபோயிடு தம்பி. தயாளன் சார் மேஜையில வெச்சிடு."

அவருக்கு ஏழாவது ஷரத்து தெரியாது. கள்ளமில்லாமல்தான் கொடுத்தார்.

வீட்டில் நானும் நைனாவும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். நடுவில் நோட்டு. அதன் பக்கத்தில் நைனா கடிதத்தை வைத்தார். ஈரம் பட்டுவிடாமல் கொஞ்சம் தள்ளி வைத்தார். அடுப்பில் தேவகியின் குழம்பு கொதித்தது.

"புதுப் பக்கந்தான," என்றார் நைனா. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, நோட்டைப் பார்த்துச் சொன்னார். "அதுல வேற யார் பேரும் இல்ல. ஒரே ஒரு தாளு, ரங்கா. பஸ்ல போறப்ப காத்துல போச்சுனு சொன்னா யாரு கேக்கப் போறா?"

ஒன்பது கிலோவும் அந்தத் தாளோடு போகும். அது அவருக்கும் தெரியும். பெற்றவரை வெறுக்க முடியவில்லை. ஆனால் அவர் சொன்னபோது என் மனம் ஒரு கணம் அந்தத் தாளின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தது. அதைத்தான் வெறுக்கிறேன்.

தேவகி அடுப்பிலிருந்து எழுந்து வந்தாள். நோட்டைத் தன் மடியில் இழுத்து வைத்து, பறிக் கயிற்றை அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றினாள். கடைசி முடிச்சைப் பல்லில் கடித்து இழுத்து இறுக்கினாள்.

"திங்கக்கிழம நானும் வரேன்," என்றாள். "அந்த தயாளன் மேஜை எம்மாம் உசரம்னு பாக்கணும்."

நைனாவின் கை நோட்டு இருந்த இடத்தில் வெறுமனே நீண்டிருந்தது.